இரைவது பியானோவா, வீடா?

டிசம்பர் பிறந்தால் கோலார் தங்கவயலில் கேரல் பயிற்சி ஆரம்பம். கூடவே எனக்குப் போன்களும் ஆரம்பம். "அண்ணா, புது பியானோண்ணா. வால்யூம் ஏத்துனா கொர்ருன்னு சத்தம். சர்வீசுக்கு பெங்களூர் எடுத்துட்டுப் போயிரவா?" ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வந்தாலும் சரி, சாம்பியன் ரீஃப்ஸிலிருந்து வந்தாலும் சரி, கேள்வி இதுதான். என் பதிலும் மாறுவதில்லை: "தூக்காதே. முதல்ல வீட்டைப் பாரு."

யமஹா பி-45 போன்ற சின்ன டிஜிட்டல் பியானோவே 11.5 கிலோ. காலையில் மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில், வேலைக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவே அதை ஏற்றி இறக்குவது எப்படிப்பட்ட பாடு என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அத்தனை பாடுபட்டுக் கொண்டுபோய் சர்வீஸ் மேஜையில் வைத்துச் சுவிட்சைப் போட்டால் பல நேரம் ஒரு சத்தமும் வராது. "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் செருகியதும் மறுபடி கொர்ர். பியானோவில் கோளாறு இருந்தால்தானே அங்கேயும் இரையும்?

சுரங்கத்தில் எலெக்ட்ரிகல் பிரிவில் வேலை பார்த்த பெரியப்பா ஒருவர் எனக்கு உண்டு. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடும்வரை மோட்டாரும் பம்புமாகவே இருந்தவர். சங்கீதத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரைச்சலைப் பிடிப்பதில் எனக்கு வாத்தியார் அவர்தான். "சத்தம் எப்ப வருதுன்னு எல்லாரும் சொல்லுவான். எப்ப நிக்குதுன்னு பாருடா. எதைப் புடுங்கினா நிக்குதோ, அங்கதான் இருக்கு வியாதி" என்பார். இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான்.

முதலில் ஹெட்போன்

பியானோவில் மாட்டியிருக்கும் எல்லா வயரையும் கழற்றுங்கள். ஆம்ப்ளிஃபயர், மிக்சர், லேப்டாப், பெடல், எல்லாமே. அடாப்டர் மட்டும் இருக்கட்டும். இப்போது ஹெட்போனை மாட்டிக் கேளுங்கள்.

இரைச்சல் போய்விட்டதா? அப்படியானால் பியானோவின் உள்ளே ஒலி உருவாகும் பகுதி சுத்தம். பிரச்சினை நீங்கள் கழற்றிய வயர்களில் ஒன்றிலோ, பியானோவின் சொந்த ஸ்பீக்கரிலோ, அறையிலோ இருக்கிறது. ஹெட்போனிலும் கேட்கிறதா? அடாப்டரையும் அதற்குக் கரண்ட் கொடுக்கும் சாக்கெட்டையும் சந்தேகப்படலாம். காசியோ சிடிபி-எஸ்100 மாதிரி பேட்டரியிலும் ஓடுகிற மாடல் என்றால் வேலை இன்னும் சுலபம். பேட்டரி போட்டு, அடாப்டரைப் பிடுங்கிவிட்டு வாசியுங்கள். அப்போது நின்றால் கருவி நிரபராதி.

அடாப்டர் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய அடாப்டர் போய்விட்டது என்று, "இதுவும் 12 வோல்ட்தானே" என்று செட்-டாப் பாக்ஸ் அடாப்டரைச் செருகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வோல்ட் ஒத்துப்போனால் போதாது. ஆம்பியர், பியானோ கேட்பதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று காட்டும் வட்டக் குறியும் ஒத்துப்போக வேண்டும். மலிவு அடாப்டர்களில் இரைச்சலை வடிகட்டும் பாகங்களைத்தான் முதலில் மிச்சம் பிடிப்பார்கள். அந்த மிச்சம்தான் உங்கள் காதில் "ஸ்ஸ்ஸ்" என்று விழுகிறது.

ஏழாவது வெள்ளைக் கட்டை

இரைச்சல் மின்சாரத்திலிருந்து வருகிறதா என்று கண்டுபிடிக்க மீட்டர் தேவையில்லை. பியானோவே மீட்டர்.

88 கட்டை பியானோவில் இடது கோடியிலிருந்து வெள்ளைக் கட்டைகளை எண்ணிக்கொண்டு வாருங்கள். ஏழாவது 'ஜி'. அதன் அதிர்வு நொடிக்கு 49. பக்கத்துக் கறுப்புக் கட்டை, ஜி ஷார்ப், ஏறத்தாழ 52. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதாவது இந்த இரண்டுக்கும் இடையில், ஜி-யை ஒட்டினாற்போல் உட்கார்ந்திருக்கிறது. சின்ன ஸ்பீக்கரில் அவ்வளவு தாழ்ந்த ஒலி சரியாக வராது என்பதால் அதன் இரட்டிப்பான 100தான் காதில் உறைக்கும். அதற்குப் பதினான்காவது வெள்ளைக் கட்டை, அடுத்த 'ஜி'. அது 98. சி-யில் தொடங்கும் 61 கட்டை கீபோர்டில் இதே ஜி ஐந்தாவது வெள்ளைக் கட்டை.

அந்த ஜி-யை மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். வீட்டு இரைச்சல் அதோடு ஏறக்குறைய ஒட்டி, ஒரு நூல் மேலே நின்றால், அது மின்சாரத்தின் குரல். நீங்கள் எந்தப் பாட்டு வாசித்தாலும், வாசிக்காமலே இருந்தாலும், அது சுருதி மாறாமல் ஜி-யிலேயே நிற்கும். டொரொண்டோவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கனடாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே பியானோ பி ஃபிளாட்டுக்கும் பி-க்கும் நடுவில் முனகும்.

தங்கவயலுக்கு இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. காவிரி நீரில் சிவனசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம், சுமார் 148 கிலோமீட்டர் கம்பியில் ஓடி 1902 ஜூன் 30இல் நம் சுரங்கங்களுக்கு வந்தது. திவான் சேஷாத்ரி ஐயர் முன்னின்று தொடங்கிவைத்த திட்டம், ஆனால் கரண்ட் வந்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. பெங்களூரில் மின்விளக்கு எரிய 1905 ஆகஸ்ட் ஆனது. இதுவரை ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்லும் கதை. அந்த மின்சாரம் 25 ஹெர்ட்ஸ் என்பதை யாரும் சொல்வதில்லை.

டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் இரும்புத் தகடுகள் காந்தமாகும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீளமும் சுருக்கமும் அடையும். மின்சாரத்தின் ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை இது நடக்கும். அதனால் 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் 100இல் முனகுகிறது. அன்றைய 25 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் 50இல் முனகியிருக்கும். சங்கீதக் கணக்கில் சரியாக ஒரு ஆக்டேவ் கீழே. நம் தாத்தாக்கள் கேட்ட முனகலும் நாம் கேட்கும் முனகலும் ஒரே சுருதி, வேறு ஸ்தாயி. இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது, "அதெல்லாம் இருக்கட்டும், எர்த் பாத்தியா?" என்றார்.

மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் என்ன?

எர்த். இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டுமோ என்னவோ, ஏனென்றால் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை இங்கேதான் முடிகின்றன.

பழைய வீடுகளில் சுவரைப் பார்த்தால் மூன்று ஓட்டை சாக்கெட் கம்பீரமாக இருக்கும். திறந்து பார்த்தால் மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்கு வயரே இருக்காது. ஃபேஸும் நியூட்ரலும் மட்டும் இழுத்து, சாக்கெட்டை மட்டும் மூன்று பின்னாக மாற்றியிருப்பார்கள். பல்பு எரியும், மிக்சி ஓடும், யாருக்கும் தெரியாது. ஆனால் ஆம்ப்ளிஃபயரும் பியானோவும் வந்தவுடன் தெரிந்துவிடும்.

காரணம் இதுதான். இப்போது வரும் அடாப்டர்கள் எல்லாம் சுவிட்சிங் வகை. உள்ளே மின்சாரப் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே, இரைச்சலை அடக்குவதற்காகவே ஒரு சின்ன கபாசிட்டர் இருக்கும். அதன் வழியே மிகச் சிறிய அளவு கரண்ட் கசிந்துகொண்டே இருக்கும். போகும் வழி இல்லையென்றால் அந்தக் கசிவு பியானோவின் உலோகப் பாகங்களில் மிதக்கும். ஜாக்கைத் தொடும்போது விரலில் சுர்ரென்று ஒரு குறுகுறுப்பு தெரிகிறதே, அதுதான். ஆடியோ வயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போகும்போது அதுவே இரைச்சல். நீங்கள் தற்செயலாக ஜாக்கின் உலோகத்தில் கை வைத்ததும் சத்தம் சட்டென்று மாறினால் அது எர்த் கோளாறுக்கு நல்ல தடயம். ஆனால் சோதனை செய்வதற்காக வேண்டுமென்றே தொட்டுப் பார்க்காதீர்கள். குறுகுறுப்பு பலமாக இருந்தால் அன்றைக்கு வாசிப்பை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அவர் வந்து மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுப்பார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் சுமாராக வரும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு சில வோல்ட்தான் இருக்கலாம். இரண்டாவது அளவு அலைபாய்ந்தால் எர்த் இல்லை, அல்லது பேருக்கு இருக்கிறது.

எர்த் குழி போடுவது நம் ஊரில் லேசான வேலை இல்லை. ஓரளவு தோண்டியதுமே பாறை தட்டும். குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் அடுக்கி மூடுவார்கள். மண்ணில் ஈரம் இருந்தால்தான் அது வேலை செய்யும். மார்ச் முதல் மழை வரும்வரை அதில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் ஒரு காலத்தில் ஊரில் இருந்தது. இப்போது குழியின் மேலே சிமெண்ட் பூசி, பைக்கை நிறுத்திவைத்திருக்கிறோம். கோடையில் மட்டும் பியானோ இரைகிறது என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி: "எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

கோவிலில் மட்டும் வரும் இரைச்சல்

வீட்டில் சுத்தமாக இருக்கிறது, கோவிலில் மாட்டினால்தான் இரைகிறது என்பார்கள் சிலர். தங்கவயலில் கோவில் என்றால் சர்ச்சும் அதில் சேர்த்தி, வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

பாடகர் குழு ஒரு பக்கம், ஆம்ப்ளிஃபயர் இன்னொரு பக்கம். பியானோவுக்குக் கரண்ட் பின்சுவர் சாக்கெட்டிலிருந்து, ஆம்ப்ளிஃபயருக்குப் பீடத்தின் பக்கத்திலிருந்து. நடுவே பெஞ்சுக்கு அடியில் ஓடும் நீளமான ஆடியோ வயர். இரண்டு சாக்கெட்டுகளின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு கிணறுகளில் நீர்மட்டம் வேறு வேறாக இருந்து, நடுவே குழாய் போட்டால் தண்ணீர் ஓடத்தானே செய்யும்? அந்தக் குழாய்தான் உங்கள் ஆடியோ வயர். அதில் ஓடும் 50 ஹெர்ட்ஸ்தான் ஆராதனை நடுவே கேட்கும் 'ஊம்'.

இதை வயரைக் கழற்றாமலே சரிபார்க்கலாம். ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்து, பியானோவையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே சாக்கெட்டிலிருந்து ஓட்டிப் பாருங்கள். நின்றால் நோய் தெரிந்துவிட்டது: எர்த் வளையம். எப்போதும் அப்படி ஓட்ட வசதியில்லை என்றால் டி.ஐ. பாக்ஸ் வாங்குங்கள். பியானோவின் சாதாரண ஜாக் வயர் ஐந்தாறு மீட்டரைத் தாண்டினாலே வழியில் உள்ள இரைச்சலை எல்லாம் வாரிக்கொண்டு வரும். டி.ஐ. பாக்ஸ் அந்த சிக்னலை மைக் வயரில் போகிற மாதிரி இரட்டைக் கம்பியில் மாற்றிக் கொடுக்கும். இரண்டு கம்பியிலும் ஒன்றுபோல் ஏறிய இரைச்சல் மிக்சரில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பெட்டியின் பக்கவாட்டில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும். அதைத் தள்ளினால் எர்த் வளையம் ஆடியோ வயரில் மட்டும் அறுபடும். மின்சார எர்த் அப்படியே இருக்கும்.

இந்த வித்தியாசம் முக்கியம். ஏனென்றால் ஊரில் சுலபமான வைத்தியம் ஒன்று உலவுகிறது: ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுவது. இரைச்சல் நிற்கும், உண்மைதான். என்றைக்காவது ஆம்ப்ளிஃபயர் உள்ளே ஃபேஸ் வயர் கழன்று உடம்பில் பட்டால், பாட வந்து மைக்கைப் பிடிக்கும் பிள்ளையின் கைக்கு 230 வோல்ட் வரும். அந்த வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

லேப்டாப்பை யூ.எஸ்.பி.யில் மாட்டுபவர்களுக்கும் இதே வளையம்தான். அங்கே சத்தம் 'ஊம்' ஆக இல்லாமல் மெல்லிய கீச்சாக வரும். மௌசை நகர்த்தினால் கூடவே கீச்சும் நகரும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

ஃபேன், இன்வெர்ட்டர், போன்

வால்யூமுக்கும் கட்டைக்கும் சம்பந்தமில்லாமல் விட்டு விட்டு வரும் சத்தங்களுக்கு அறையைச் சுற்றிப் பாருங்கள்.

ஃபேன் ரெகுலேட்டரோ விளக்கின் டிம்மரோ முழுசாகத் திருப்பியபோதும் அணைத்தபோதும் சத்தமில்லை, நடுவில் வைத்தால் மட்டும் 'ஜ்ஜ்' என்கிறதா? அது மின்னலையை நடுவில் வெட்டி வெட்டிக் கொடுக்கும் பழைய வகை எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர். கபாசிட்டர் வகை ரெகுலேட்டராக மாற்றினால் தீர்ந்தது.

கரண்ட் போனபோது மட்டும் இரைகிறதா? ஸ்குவேர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். அதன் அலை வளைவாக இல்லாமல் படிக்கட்டாக ஏறி இறங்குவதால் 50 மட்டுமில்லாமல் 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகளும் சேர்ந்துகொண்டு கரகரக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டர் விலை கூடதான், ஆனால் வீட்டில் பியானோ இருந்தால் அதுதான் சரி.

'டிடிட், டிடிட்' என்று தாளம் போட்டால் போன். 2ஜி சிக்னலில் போன் நொடிக்கு 217 முறை விட்டு விட்டு அலைபரப்பும். சிக்னல் பலவீனமான இடத்தில் அது இன்னும் பலமாகக் கத்தும். பாட்டு வரிகளைப் போனில் வைத்து, அந்தப் போனையே பியானோ மேல் சாய்த்துவைக்கிறோம். அடுத்த மேஜைக்கு மாற்றினால் போதும்.

ஒரே ஒரு கட்டைக்கு மட்டும் அதிர்ந்தால்

இது மின்சாரமே இல்லாத இரைச்சல். மின்சார முனகல் ஜி-யிலேயே நிற்கும் என்றேனே, இது அப்படியில்லை. குறிப்பிட்ட கட்டையை அழுத்தினால் வரும், விட்டால் போகும். ஹெட்போனில் கேட்கவே கேட்காது.

உலகில் எல்லாப் பொருளுக்கும் சொந்தமாக ஒரு சுருதி உண்டு. ஸ்பீக்கர் அந்தச் சுருதியைத் தொட்டதும் அதுவும் ஆட ஆரம்பிக்கும். தங்கவயல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுரங்கம் ஓடிய காலத்தில் கீழே 'ஏர் பிளாஸ்ட்' ஆனால், அதாவது பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்தால், மேலே அடுப்படி ஷெல்ஃபில் எந்த டம்ளர் முதலில் குதிக்கும் என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம்.

சாம்பியன் ரீஃப்ஸ் பக்கம் ஒரு வீட்டில் இதைத்தான் பார்த்தேன். இடப்பக்கம் ஈ ஃபிளாட் ஒன்றை அழுத்தினால் மட்டும் ஸ்பீக்கர் கிழிந்த மாதிரி 'டர்ர்' என்றது. 78 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் கட்டை. அந்த வீட்டு அம்மாவை அதை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அறையில் ஒவ்வொரு பொருளாகக் கை வைத்துக்கொண்டே வந்தேன். ஜன்னல் கண்ணாடி, இல்லை. ஷோகேஸ் கதவு, இல்லை. பியானோவுக்கு நேர் மேலே கல்யாணப் போட்டோ. சட்டத்தில் கை வைத்ததும் சத்தம் அறுந்தது. பின்பக்க அட்டையைப் பிடித்திருந்த ஆணி ஒன்று தளர்ந்து, கண்ணாடி சட்டத்துக்குள் ஆடிக்கொண்டிருந்தது. "அவரு போட்டோவா இத்தனை நாளா கத்துச்சு?" என்று அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நாலாக மடித்த துணித்துண்டு ஒன்றைச் சொருகியதோடு சரி.

அறையில் எதுவும் சிக்கவில்லையென்றால் பியானோவையே தடவுங்கள். நோட்டுப் புத்தகம் வைக்கும் தாங்கி, ஸ்டாண்டின் நட்டு, அடியில் உள்ள திருகுகள், ஸ்பீக்கர் மேல்வலை. பென்சில் நுனியும் ஹேர்பின்னும் கட்டை இடுக்கில் விழுந்து கிடந்ததுண்டு.

சத்தம் சேர்க்கவே செய்த வசதிகளும் சில கருவிகளில் உண்டு. பெடலை அழுத்தினால் மற்ற கம்பிகளும் சேர்ந்து முனகுகிற மாதிரி, கட்டையை விட்டால் டாம்பர் விழுகிற மாதிரி, நிஜ பியானோவின் உபரிச் சத்தங்களைக்கூடச் செயற்கையாகச் சேர்த்திருப்பார்கள். பெடலை விட்டதும் நின்றால், செட்டிங்கில் 'டாம்பர் ரெசொனன்ஸ்' என்பதை அணைத்துப் பாருங்கள்.

எப்போது ரயில் ஏறலாம்?

உள்கோளாறே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் உள்ளே தூசி. சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று வீசும் மாதங்களில் அந்த மாவு எங்கேதான் புகவில்லை? வாசித்து முடித்ததும் துணி போட்டு மூடுவது நம் ஊரில் கட்டாயம். தூசி ஏறியிருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சரிசெய்யலாம். எல்லாக் கட்டைக்கும், தாழ்ந்த வால்யூமிலும், பியானோவின் ஸ்பீக்கரில் மட்டும் கரகரத்தால் ஸ்பீக்கர் காகிதம் கிழிந்திருக்கலாம், எலியின் கைவண்ணமாகவும் இருக்கலாம். வேறு வீட்டில், நல்ல எர்த் உள்ள சாக்கெட்டில், ஒரிஜினல் அடாப்டரோடு, ஹெட்போனிலும் இரைந்தால் உள்ளே போர்டில் கோளாறு. இவையெல்லாம் சர்வீஸ்காரர் வேலை.

போவதற்கு முன் ஒரு காகிதத்தில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: ஹெட்போனில் கேட்கிறதா, எல்லாக் கட்டைக்குமா ஒரு கட்டைக்கா, வாசிக்காதபோதும் வருமா, வால்யூமோடு ஏறுகிறதா, வேறு வீட்டில் வந்ததா, எதைப் பிடுங்கினால் நிற்கிறது. போனில் சத்தத்தைப் பதிவுசெய்தும் வைத்துக்கொள்ளுங்கள். 'கொர்ருன்னு வருது சார்' என்பவரின் பியானோ மூலையில் காத்திருக்கும். இந்தக் காகிதத்தை நீட்டுபவரிடம் சர்வீஸ்காரர் பேச ஆரம்பிப்பார்.

பாதிப் பேருக்கு இந்தக் காகிதத்தை எழுதி முடிக்கும்போதே ரயில் டிக்கெட் தேவைப்படாமல் போய்விடும். மீதிப் பேர் கூட்டம் குறைந்த மதிய வண்டியில் போங்கள். அடாப்டரை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், அதையும் அவர் சோதிக்க வேண்டும்.